அசலூர்க் கற்கள்

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், என் முதுகுவலியும் என்னோடு சௌக்கியமாக இருக்கிறது. அம்மா, உன் வீட்டுக்காரி, உன் கடைத் தராசுகள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று வரிசையாக எழுது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் உன் வீட்டுக்காரி போட்ட சட்டப்படி கடிதத்துக்கே வந்துவிட்டேன். எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அது ஒரு வசதி.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் உன் மொட்டைமாடியில் எங்கள் வானியல் மையத்துக்காக ஒரு கேமராவைப் பொருத்திவிட்டு வந்தேன் இல்லையா? அது ராத்திரி முழுக்க வானத்தைப் படம் பிடித்து இங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு எரிகல் விழுவதை இரண்டு ஊர்க் கேமராக்கள் பார்த்தால் போதும். அது எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன வேகத்தில் வந்தது, சூரியனை எந்தப் பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். கிட்டத்தட்ட எல்லாமே நம் சூரியனின் வீட்டுப் பிள்ளைகள்தான். டவுன் பஸ் மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றுகிறவை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி ஒன்று வந்தால், அதைச் சூரியனால் பிடித்து வைத்திருக்கவே முடியாது. அப்படியென்றால் அது வேறு ஏதோ ஒரு நட்சத்திரத்திடமிருந்து கிளம்பி வந்தது. அசலூர்க் கல்.

அப்படி ஒன்றைத் தேடித்தான் எனக்கு நரைத்தது என்று உனக்குத் தெரியும். போன மாதக் கடைசியில் உன் கேமராவில் ஒன்று கிடைத்திருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். மாதம் பிறந்ததும் கண்ணாடி மூடியைத் துடைப்பாயே, அதை மட்டும் செய். வேறு எதையும் தொடாதே.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் உன் முதுகுவலியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அசலூர்க்காரன் வீட்டுக்கு வந்தால் முதலில் காலைக் கழுவச் சொல் என்றாள்.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு காய்கறிக்காரர் தன் மின்தராசைக் கொண்டுவந்தார். காலித் தட்டில் எடை காட்டியது. பிரித்து, சரிசெய்து கொடுத்தேன். அவர் கடைக்குப் போனதும் அது ஒழுங்காக வேலை செய்கிறதாம். திரும்ப இங்கே கொண்டுவந்து வைத்தால் மறுபடி காலித் தட்டில் எடை. என்னைப் பார்த்தால் அதற்குப் பயம் போல என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அம்மாதான் கொஞ்சம் படுத்துகிறாள். ஜனவரியிலிருந்தே ஒரே புலம்பல், உனக்கு எழுத வேண்டாம் என்று இருந்தேன். யாரோ தன் கட்டிலை இழுக்கிறார்களாம். நேற்றுக் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேகமா இல்லடா. நான் முழிச்சிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து, மெதுவா இழுக்கிறாங்க" என்றாள். கட்டில் சக்கரம் வைத்தது, அவள் புரண்டு படுத்தால் நகரத்தான் செய்யும். சொன்னால் கேட்கிறாளா? செத்துப்போன அப்பாவா இழுக்கிறார் என்று கேலியாகக் கேட்டேன். இல்லை, நம்ம ஆள் இல்லை, அசலூர் ஆள் என்கிறாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டியது தப்பு.

கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை. நீ பொருத்திய இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

உன் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? எனக்குத் தூக்கம்தான் இல்லை, சந்தோஷத்தில் வராத தூக்கம்.

இன்னும் சில கற்கள் கிடைத்திருக்கின்றன. எல்லாமே உன் கேமரா பார்த்தவை. அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மாதம் பிறந்தால் ஒன்றும் வருவதில்லை, டவுன் பஸ்கள்தான். மாதக் கடைசி நெருங்க நெருங்க அசலூர்க்காரர்கள் வர ஆரம்பிக்கிறார்கள். அடுத்த மாதம் பிறந்ததும் மறுபடி நின்றுபோகிறது. எங்கோ ஒரு நட்சத்திரத்திலிருந்து அலை அலையாக வருகிறார்களோ என்று எங்கள் தலைவர் யோசிக்கிறார். அவர் தானாக என் மேசைக்கு வந்து பேசியதே இந்தப் பத்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. இந்த வேலையில் என்னை இன்னும் வைத்துக்கொள்வதா என்ற பேச்சு போன வருடம் வந்தது உனக்குத் தெரியும். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. இந்த வயதில் அப்படியெல்லாம் தோன்றும். தூங்குவதற்கு லேசாக ஒரு மாத்திரை கொடுக்கச் சொல். அவளும் தூங்குவாள், நீங்களும் தூங்குவீர்கள்.

கேமராவைத் தொடாதே என்று மறுபடி சொன்னால் கோபித்துக்கொள்வாய். ஆனாலும் சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது.

நீ சொன்னபடி டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. அம்மா இப்போது கட்டில் விஷயம் பேசுவதில்லை. காலையில் எழுப்பினால்தான் எழுந்திருக்கிறாள், பகலிலும் பாதி நேரம் அசந்து கிடக்கிறாள். சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். சத்தம் இருந்தாலும் குறை, இல்லாவிட்டாலும் குறை.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் வீட்டைக் காலி பண்ணிவிட்டார். நல்ல மனுஷன், பயந்த சுபாவம். நூல்கண்டு கீழே விழுந்தால் எப்போதும் ஒரே மூலைக்குத்தான் உருளுகிறது, அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எலிப்பொந்து இருக்கும் என்பேன். போகிற அன்று சாமானெல்லாம் வண்டியில் ஏறியபிறகு, தன் வீட்டுக் கதவை என்னிடம் காட்டினார். சாத்தினால் சாத்திக்கொள்ளவில்லை. கையை எடுத்ததும், உள்ளே வாருங்கள் என்று யாரோ திறந்துவிடுகிற மாதிரி மெதுவாகத் திறந்தது. மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்றேன். இந்த வருடம் மழை எங்கே பெய்தது என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

எங்கள் குளியலறைக் கதவும் அப்படித்தான். கீல் மாற்ற வேண்டும்.

கேமராவின் மூடியை ஒன்றாம் தேதி துடைத்தேன்.

உன் தம்பி


ஜூலை 5

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? அம்மா சரியாகச் சாப்பிடுகிறாளா? நீ அவளைப் பற்றி எழுதுவது குறைந்துகொண்டே வருகிறது.

செப்டம்பரில் பெரிய கூட்டம் ஒன்று நடக்கப்போகிறது. பல நாட்டுக்காரர்கள் வருவார்கள். என் அசலூர்க் கற்களைப் பற்றி நான் பேச வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அதற்குமுன் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் மையத்தில் கணக்குகளைச் சரிபார்க்கும் ஒரு பெண் இருக்கிறாள். துருவித் துருவிக் கேட்கிற ரகம். அவள் கேட்கிறாள்: எல்லாக் கற்களையும் உங்கள் தம்பி வீட்டுக் கேமராவே ஏன் பார்க்க வேண்டும்? அந்தக் கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்தால், சாதாரணக் கல்கூட வேகமாக வந்த மாதிரி கணக்கு காட்டுமே?

அவள் கேட்பது நியாயம்தான். கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்ப்பது இங்கே வருடத்துக்கு ஒரு முறைதான். கான்கிரீட்டில் போல்ட் போட்டு வைத்த கேமரா, கீழே வீடு. வீடு எங்கே போய்விடப்போகிறது என்ற தைரியம்.

ஆகவே உண்மையைச் சொல். காற்று, பூனை, உன் கை, ஏதாவது பட்டு கேமரா அசைந்ததா? உனக்குக் கோணலாக எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். சின்ன வயதில் அடுத்த வீட்டுக் காலண்டரையே நேராக்கிவிட்டு வந்தவன் நீ. நேர்கோடு என்று அம்மா உனக்குப் பெயர் வைத்தது சும்மா இல்லை.

இல்லை என்ற பதில்தான் எனக்கு வேண்டும். ஆனால் அதற்காக இல்லை என்று சொல்லாதே.

அக்கா


ஜூலை 29

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கேமரா அசையவில்லை. எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது. இந்த வீட்டை நான் நேராகத்தான் கட்டினேன், ஒவ்வொரு சுவரையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஏற்றினேன். உன் ஆபீசில் யாரோ ஒரு பெண் சொன்னால் அது கோணலாகிவிடுமா?

அம்மா சாப்பிடுகிறாள். தூங்குகிறாள்.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நானே நம் சட்டத்தை மீறிப் போன் செய்தேன். எடுத்தாய், கத்தினாய், வைத்தாய். உன் வானத்துக்காக என் வீடு கோணலாக வேண்டுமா என்று கேட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

அந்தப் பெண்ணின் வாயை அடைக்கலாம் என்றுதான் உன் கேமராவின் படங்களை ஜனவரியிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கினேன். துருவ நட்சத்திரம் படத்தில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. வானம் நழுவாது. கேமராவை யாரும் தொடவில்லை என்று நீ சொல்கிறாய். மிச்சம் இருப்பது வீடுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மாதம் முழுக்க நழுவுகிற நட்சத்திரம், ஒன்றாம் தேதியன்று பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. பிறகு மறுபடி நழுவுகிறது. ஒன்றாம் தேதி அந்த மாடிக்குப் போகிறவன் நீ ஒருவன்தான். நீ கேமராவை நிமிர்த்தி வைக்கிறாய். நிமிர்த்துகிறாய் என்றால் சாய்ந்திருப்பது உனக்குத் தெரியும். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு மாதமும் தெரியும்.

இந்த மாதம் பத்து நாளிலேயே ஒரு மாதத்து நழுவல் நழுவியிருக்கிறது.

கற்கள் போகட்டும். செப்டம்பர்க் கூட்டமும் போகட்டும். எனக்கு அது போனதில் வலி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அதைப் பற்றிப் பிறகு பேசலாம். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவையும் உன் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. நான் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

காலித் தட்டில் எடை காட்டுகிறது என்று மார்ச்சிலேயே நீ எழுதியிருந்தாய். தராசு கோணலாக இருந்தால் அப்படிக் காட்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானடா.

உடனே பதில் போடு.

அக்கா


செப்டம்பர் 4

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. போனில் பேசலாம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் கடையில்தான் இருக்கிறார், எல்லாம் கேட்கும்.

ஆகஸ்டில் நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் படித்தார். படித்துவிட்டு நாலாக மடித்து, சமையலறையில் அடுப்பின் காலுக்குக் கீழே வைத்தார். அதற்கு முந்தையது பீரோவுக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் முந்தையவை மாடியில், போல்ட்டைத் தளர்த்தி, கேமராவுக்குக் கீழே. உங்கள் கடிதத் தாள் தடிமனாக இருக்கிறதாம், அட்டையைவிட அதுதான் சரியாக நிற்கிறதாம். எடுத்துப் படிக்க வேண்டுமென்றால் நான் அடுப்பைத் தூக்க வேண்டும். தூக்கித்தான் படித்தேன்.

அக்கா, வீடு முழுக்க அடைகொடுத்திருக்கிறார். கட்டிலுக்கு, மேசைக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் மட்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் பார்த்தால் எல்லாம் நேராகத்தான் இருக்கும். காலையில் கடை திறப்பதற்கு முன் ரசமட்டத்தோடு ஒவ்வொரு தராசாகப் போய் நேராக்குகிறார். நேற்று அவர் குளிக்கப் போயிருந்தபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அலமாரியில் இருந்த மேசைத் தராசுகள் எல்லாம் ஒரே பக்கத் தட்டைத் தாழ்த்திக்கொண்டு நின்றன. எல்லாத் தட்டும் காலி. யாரோ ஒவ்வொன்றிலும் கையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

தெருவில் எங்களோடு சேர்த்து மூன்று வீட்டில்தான் ஆட்கள் இருக்கிறார்கள்.

அவரிடம் பேசிப் பார்த்தேன். கோபப்படவில்லை. அழுதார். "இத விட்டா நமக்கு வேற எங்க இருக்கு? இது போச்சுன்னா நான் யாரு?" என்றார்.

அத்தை மாத்திரையில் தூங்கிக்கொண்டே இருக்கிறார். முன்பு கட்டிலை இழுக்கிறார்கள் என்று கூப்பிடும்போது எரிச்சலாக வரும். இப்போது அவர் கூப்பிட மாட்டாரா என்று இருக்கிறது. ஏதாவது ஆனால் எங்களை யார் எழுப்புவார்கள்?

வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


செப்டம்பர் 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னை அப்படிக் கூப்பிட இவ்வளவு நாள் எனக்குத் தோன்றவில்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், கைக்கு வந்ததும் கிழித்துப் போட்டுவிடு. எதற்கும் அடியில் வைக்க அவனுக்குக் கொடுக்காதே.

சனிக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன். அம்மாவுக்கு அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்து. டாக்டரிடம் நான் பேசிவிட்டேன். நான்தான் கொடுக்கச் சொன்னேன், நான்தான் நிறுத்தச் சொல்கிறேன். அவள் கத்தட்டும், கூப்பாடு போடட்டும். கூப்பிட்டால் மட்டும் எழுந்து போ. ஏன் எதற்கு என்று கேட்காதே.

தைரியமாக இரு.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நாங்கள் இந்த வாடகை வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறோம். நீ வந்திருந்த நாட்களில் நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் என்னைக் கேட்கவில்லை. பாத்திரம் வாங்கினோம், பாய் வாங்கினோம், சாமான் ஏற்றினோம். ஆனால் உனக்குத் தெரிய வேண்டும். பேச வராதது எழுத வருகிறது.

நீ வருவதற்கு இரண்டு நாள் முன்பு, விடிவதற்கு முன் அம்மா எழுந்துவிட்டாள். மாத்திரை நின்றது எனக்குத் தெரியாது. அவளே தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய் எதிர்ப்பக்கம் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வர மாட்டேன் என்கிறாள். இவள் போய்க் கெஞ்சினாள், நான் போய் அதட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு அவன் மெதுவா இழுக்கலடா" என்றாள்.

சரி, ஒரு போர்வையாவது எடுத்து வரலாம் என்று திரும்பினேன். கடைக்குள் வெளிச்சம் தெரிந்தது. மின்தராசுகள் எல்லாம் தாமாக எரிந்துகொண்டிருந்தன. ராத்திரி அணைக்க மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். காலித் தட்டுகள். எல்லாவற்றிலும் எண் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும், சேர்ந்தாற்போல் ஏறியது. கனமான ஒரு ஆள் ஒரே சமயத்தில் எல்லாத் தட்டிலும் காலை வைத்து ஏறுகிற மாதிரி. அக்கா, நான் உன்னை நம்பவில்லை. அம்மாவை நம்பவில்லை. சுவரில் விரிசல் வந்தபோது அதற்குச் சுண்ணாம்பு பூசினேன். ஆனால் தராசு பொய் சொல்லாது என்று சொல்லித்தான் நான் இத்தனை வருடம் சாப்பிட்டேன். போர்வையை விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வெகுநேரம் நின்று களைத்த ஆள் உட்காருகிற மாதிரி வீடு உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் தூசி. பிறகு எங்கேயோ ஆழத்தில் கற்கள் உருண்டு போகிற சத்தம், அது மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் முன்பு ஒரு சுரங்கம் இருந்ததாம். அதிகாரிகள் இப்போது சொல்கிறார்கள்.

அம்மா கையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு எழுந்து, டீக்கடை திறந்திருக்குமா என்று கேட்டாள்.

உன் கடிதங்கள் எல்லாம் அடியில் போய்விட்டன.

உன் தம்பி


அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். துருவித் துருவிக் கேட்கும் அந்தப் பெண்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நானும் ஒன்று சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தக் காலை நான் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். ராத்திரி விழுந்த எரிகற்களை அது தானாகவே பட்டியல் போட்டு வைத்திருக்கும், ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அன்று பக்கம் பக்கமாக ஓடியது. எல்லாம் உன் கேமரா. எல்லாம் ஒரே நொடி. ஒரு கேமரா மட்டும் பார்த்தாலும் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாக ஒரு வேகம் போட்டுவிடும். எல்லாமே அசலூர்க் கற்கள், இதுவரை உலகத்தில் யாரும் பார்க்காத வேகம். படத்தைத் திறந்தேன். வானம் முழுக்கக் கோடு, எல்லாக் கோடும் ஒரே பக்கமாக ஓடின. ஒவ்வொரு கோட்டையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. துருவ நட்சத்திரம் இருந்தது, கார்த்திகை ஆறும் இருந்தன. அவை விழவில்லை, உன் வீடுதான் விழுந்தது. கம்ப்யூட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் தங்கச்சி யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். அந்த அரை மணி நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று என்னைக் கேட்காதே.

நட்சத்திரங்களை வைத்து எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போட்டேன். ஒன்றுகூட அசலூர் இல்லை. அத்தனையும் நம் சூரியன் வீட்டுப் பிள்ளைகள். இனிமேல் எல்லாக் கேமராவையும் தினமும் சரிபார்ப்பது என்று இங்கே விதியை மாற்றிவிட்டோம். நான் வந்தபோது உன் வாடகை வீட்டு மாடியில் பொருத்திய புதுக் கேமராவும் அதில் சேர்த்தி. அதற்கு அடியில் எதையும் வைக்காதே, இந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான்.

அடுத்த மாதம் கொஞ்ச நாள் மலைமேல் இருக்கும் எங்கள் தொலைநோக்கி நிலையத்தில் வேலை. அங்கே சிக்னல் கிடையாது. அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

அக்கா


நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய். உன் போன் போகவில்லை. ஆபீசுக்கு அடித்தேன். நீ மலைக்குப் போய்விட்டாய் என்றார்கள். கடிதம் கொடுத்தால் சாமான் ஏற்றிப் போகும் ஜீப்பில் அனுப்புகிறோம் என்றார்கள்.

இந்த வீடு நேராக இருக்கிறது. சுரங்கம் இந்தப் பக்கம் வரவே இல்லை என்று அதிகாரிகள் வரைபடத்தைக் காட்டினார்கள். நான் பழைய ஆள் இல்லை அக்கா, சத்தியமாக எதற்கு அடியிலும் எதையும் வைக்கவில்லை. தினமும் ஒவ்வொரு அறையிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறேன், குமிழி நடுவில் நிற்கிறது. புதிதாக வாங்கிய இரண்டு தராசும் காலித் தட்டில் பூஜ்யம் காட்டுகின்றன. கதவுகள் சாத்தினால் சாத்திக்கொள்கின்றன.

இன்று காலையில் அம்மாவுக்குக் காபி கொண்டு போனேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இந்தக் கட்டிலுக்குச் சக்கரம் கிடையாது. காபியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்ப சாதாரணமாக, "விலாசம் கண்டுபிடிச்சி வந்துட்டாங்கடா" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. யோசித்துப் பார்த்தேன். பழைய வீட்டில் தராசுக்குத் தெரிந்தது மார்ச்சில். அம்மாவுக்கு ஜனவரியிலேயே தெரிந்தது.

உன் ஆபீசில் அந்தப் பெண் லீவாம், வேறொருவர்தான் எடுத்தார். புதுக் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பார்த்துவிட்டு, "கவலப்படாதீங்க சார், எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு" என்றார். ஜூலையில் உனக்கு நான் எழுதின அதே வார்த்தை. போனை வைத்துவிட்டு முதலில் பாயைத்தான் எடுத்தேன்.

நீ பார். நீயே உன் கண்ணால் பார்த்துச் சொல். துருவ நட்சத்திரம் வைத்த இடத்தில் இருக்கிறதா, இல்லை ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறதா? நாங்கள் மூன்று பேரும் எதிர்ப்பக்கம் நடைபாதையில் பாயைப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். இதை இங்கேயிருந்துதான் எழுதுகிறேன். போகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

பதில் கடிதம் போடாதே. மலையிலிருந்து இறங்கி வந்து போன் பண்ணு. நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன், அக்கா. சண்டை போட மாட்டேன்.

உன் தம்பி